தண்ணீர் நிற்காத தொட்டி

கொளத்தூர் மீன்கடைத் தெருவில்
மூன்றாவது கடைக்காரர் நேர்மையாகச் சொன்னார்:
"மேடம், இது கசியும். மூலையில முடி மாதிரி ஒரு விரிசல்.
தண்ணி நிக்காது."
நிற்க வேண்டாம் என்றேன்.
மூன்றடி நீளம், இரண்டடி உயரம், எண்ணூறு ரூபாய்.
என்ன மீன் என்று அவர் கேட்கவில்லை.
கேட்காத கேள்வி
ஆட்டோ வரைக்கும் கூடவே வந்தது.

மூடிக்குக் கம்பிவலை வாங்கிய இடத்தில் கேட்டார்கள்.
"எலி உள்ள வராம இருக்கவா?"
"வெளிய போகாம இருக்க."
பையன் வெட்டுவதை நிறுத்தி
என்னை ஒருமுறை பார்த்தான்.
பிறகு கை கிழியாதபடி
நாலு ஓரத்தையும் மடித்துக் கொடுத்தான்.

பெனாசிர் ஷார்ஜாவுக்குப் போய்விட்டாள்.
ஃபிரிட்ஜ் அவள் அண்ணனுக்கு,
ஜெர்பில் இரண்டும் எனக்கு.
அக்கா தங்கை. ஒருத்தி வெந்தய நிறம்,
இன்னொருத்தி அடிப்பிடித்த பாத்திரம்.
வால் நுனியில் ஆளுக்கொரு குஞ்சம்.
வந்த பிளாஸ்டிக் கூண்டில்
ஒரு மூலையைத் தின்று முடித்திருந்தார்கள்.
"தோண்ட இடம் குடு, போதும்" என்று
பெட்டிக்கு எடை போடும் வரிசையிலிருந்து
கத்தினாள் போனில்.

பாரமானவை முதலில்.
செங்கல் இரண்டு, அதன்மேல் மணல்சட்டி,
எல்லாம் அடிக்கண்ணாடியில் ஊன்ற வேண்டும்.
நிரப்பிய பிறகு மேலே வைத்தால்
கீழே குடைந்து வருகிறவள் தலையில் இறங்கும்.

ஞாயிறு முழுக்க நிரப்பினேன், ஓரடிக்கு மேல்.
காகிதத் துணுக்கு, காய்ந்த புல், திரும்பவும் காகிதம்,
உள்ளங்கையால் அமுக்கி அமுக்கி.
அமுக்காவிட்டால் சுரங்கம் நிற்காதாம்.
ஆடிட்டர் ஆபீசில் மூன்று மூட்டை சும்மா கொடுத்தார்கள்,
யார் யாருடைய நிலுவையோ.

ஈரம்தான் பெரிய பாடு.
உப்பு ஜாடியே அழுகிற ஊர் இது.
பாலைவனத்தில் பிறக்க வேண்டியவர்கள்
புரண்டு குளிக்க மணல் வேண்டும்.
கடற்கரை மணல் ஆகாது.
ஆற்றுமணலைச் சலித்து, அலசி,
வாணலியில் வறுத்தேன்.
கீழ்வீட்டு ஃபிலோமினா படியேறி வந்து
"என்ன வறுக்குறீங்க, வாசனையே வரலையே" என்றார்.

எங்கள் அயனாவரத் தெருவுக்கு அடியிலும்
குடைந்துகொண்டுதான் வருகிறார்கள்.
மஞ்சள் தொப்பிக்காரர் ஒருவர்
கூடத்துச் சுவர் விரிசலின் குறுக்கே
சின்னக் கண்ணாடித் துண்டை ஒட்டி
தேதி எழுதினார்.
"இது உடைஞ்சா போன் பண்ணுங்க."
எவ்வளவு ஆழத்தில் என்றேன்.
அறுபது அடி இருக்கும் என்றார்.
தொட்டியைக் கண்டு குனிந்தவர்
வெந்தயக்காரி கண்ணாடி ஓரமாகப் போட்ட பாதையை
வெகுநேரம் பார்த்தார்.
"வளைவு நல்லா எடுத்திருக்கு."

நேற்று இரவு பதினொன்றே முக்கால்.
டம்ளருக்குள் ஸ்பூன் தானாகப் பேசியது.
முதலில் தெரிந்துகொண்டது அவர்கள்.
பின்னங்காலால் தரையை அறைந்தாள் ஒருத்தி,
தட். தட்.
அடுத்த நொடி மேலே யாருமில்லை.
காகிதம் மட்டும் ஓர் இடத்தில்
மூச்சுவிட்டது.

பழைய போர்வையை நாலாக மடித்து
தொட்டிக்கு அடியில் கொடுத்தேன், ஒரு பக்கம் தூக்கி,
மறுபக்கம் தூக்கி.
டார்ச் அடித்துப் பார்த்தால்
கசியும் என்று சொன்ன அந்த மூலையில்தான்
கூடு. இரண்டு உடம்பும் ஒரே உருண்டை.
சட்டி அசையவில்லை. பாதை சரியவில்லை.

சுவர்க் கண்ணாடியும் முழுசாகத்தான் இருந்தது.
இருந்தாலும் தூக்கம் வரவில்லை.
அறை நடுவில் நிற்கிற இரும்பு பீரோவை,
புடவைகள், பத்திரங்கள், அம்மி மாதிரி கனக்கிற
ஆல்பங்களோடு,
ஓர் அடி, இன்னோர் அடி என்று
தூண் ஓரம் தள்ளிக்கொண்டிருந்தேன்.

கீழிருந்து ஃபிலோமினா
துடைப்பக் கட்டையால் கூரையில் இடித்தார்.
தட்.
தட்.